எட்டாத ஸ்விட்ச்

"அடுப்பு ஸ்விட்ச் இவளுக்கு எட்டவே கூடாது தம்பி. ஆறரை அடியில வைங்க" என்றார் கணவர்.

எலக்ட்ரீஷியன் தயங்கினார். இப்படி யாரும் கேட்டதில்லை.

"ஒரு டீ போடக்கூட இவரைக் கெஞ்சணுமா? நாப்பது வருஷமா சமைச்ச கை தம்பி இது" என்று மனைவி அழுதார்.

"பாவம் சார் அம்மா. கைக்கெட்டுற மாதிரியே வெச்சிடுறேன்."

கணவர் எலக்ட்ரீஷியனைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"அவளுக்கு மறதி நோய்ப்பா. அடுப்பைப் போட்டுட்டு அப்படியே போயிடுறா. எட்டாம வைக்கணும்னு நேத்து அவதான் சொன்னா. முடியாதுன்னு சண்டை போட்டவன் நான்."

"இப்ப இப்படி அழுறாங்களே சார்?"

"நாளைக்கு நான் அழுதாலும் மனசு இளகிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டதும் அவதான்."