கிர்பிச் யார் வீட்டுச் சொல்?

“இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்! ‘கிர்பிச்’ உங்க ரஷ்யச் சொல்லா?”

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிர்கிஸ்காரர் ஷமிர்பெக் செங்கல்லும் கையுமாக நின்றார். முகம் கல்லைவிடச் சிவந்திருந்தது.

“ஆமாய்யா. செங்கல்லுக்கு ‘கிர்பிச்’னு பேர் வச்சதே நாங்கதான். கம்பளிக் கூடாரத்துல இருந்தவங்களுக்குச் செங்கல் எதுக்கு?” என்றார் புரோகோர், கல்லை வாங்காமலே.

மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் புரோகோரின் வீட்டை அள்ளிக்கொண்டு போயிருந்தது. தொக்மோக் சாலையிலிருந்த ஒரே செங்கல் சூளையும் அதோடு போயிற்று. பனி விழுவதற்குள் கூரை ஏற வேண்டும். கிர்கிஸ் வழக்கப்படி தெருவே கூலியில்லாமல் வேலைக்கு வந்திருந்தது. இப்போது எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“துருக்கிய மொழிச் சொல்லுய்யா அது! எங்க ஆளுங்க வாயிலேர்ந்து வோல்காக் கரைக்குப் போச்சு, மாஸ்கோ போச்சு. அந்தப் பக்கம் பல்கேரியா, செர்பியா வரைக்கும் போச்சு. எங்ககிட்ட வாங்கிக்கிட்டு எங்களுக்கே பாடம் எடுக்கறியா?”

“எடுத்தாலும் உன் மண்டையில ஏறாது.”

“முதல்ல சுவரை முடிங்கப்பா, சொல்லை அப்புறம் பங்கு போடலாம்!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை.

“என்ன திமிரு! எங்க சொல்லுன்னு ஒத்துக்க. இல்லேன்னா இனி ஒரு கல்லுகூடக் கிடையாது!”

“உன் கல்லு யாருக்கு வேணும்? எடுத்துக்கிட்டுப் போய்யா!”

ஷமிர்பெக் தன் வெள்ளைத் தொப்பியைத் தரையில் அடிக்க ஓங்கினார். அந்தத் தொப்பியைக் கீழே போட்டால் முன்னோர்களுக்கு அடுக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார்.

ஜினைதா கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சுவர் பாதியில நிக்குது. அது அவங்க சொல்லுதான்னு பேரனுக்கு நீயேதானே சொல்லிக் குடுத்த?”

“மெதுவாப் பேசு” என்றார் புரோகோர். “கோபத்துலயாவது கல்லு குடுக்கறதை நிறுத்துவான்னு பார்த்தேன். தன் மகனுக்குன்னு கட்டின புது வீட்டை நமக்காக ஜன்னல் வரைக்கும் பிரிச்சுட்டான், ஜினா.”

வேலிக்கு அப்பால் கடப்பாரைச் சத்தம் கேட்டது. “சொல்லைத் திருடின பயலே, இந்தா பிடி!”