நான்காவது வரி

இங்கெலா மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நூலகக் கணினியின் முன் உட்கார்ந்திருந்தாள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் பழகும் வகுப்பு. மற்றவர்கள் ஊர்த் தேவாலயம், மூடிப்போன தீப்பெட்டி ஆலை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அவள் பியோர்க் ஏரியின் பக்கத்தைத் திறந்தாள்.

நான்காவது வரி அப்படியே இருந்தது.

'குளிர்காலம் முழுவதும் ஏரி கெட்டியாக உறைந்திருக்கும். எங்கு வேண்டுமானாலும் பயமின்றிச் சறுக்கலாம்.'

போன ஜனவரியில் அவள் மகன் மெல்கர் அதைப் படித்துவிட்டுத்தான் சறுக்குக் காலணிகளோடு கிளம்பினான். ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன் உயிரோடு திரும்பவில்லை. சமையலறை மேசையில் அவனுடைய கணினியில் இந்தப் பக்கம் திறந்தே கிடந்தது.

எழுதிய பாவி யார் என்று தெரிந்தாக வேண்டும். வகுப்புக்கு வந்ததே அதற்குத்தான். அவனைக் கேட்க வேண்டியதையெல்லாம் இத்தனை நாளும் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்.

சொல்லிக்கொடுக்கும் ஸ்டாஃபன் காப்பிக் கெண்டியோடு வந்து குனிந்தான். இளைஞன், கலகலப்பானவன்.

"இந்த வரிய யாரு எழுதினாங்கன்னு பாக்க முடியுமா?"

"முடியாம என்ன? இங்க யாரும் ஒளிய முடியாது, இங்கெலா."

'வரலாறு' என்பதை அழுத்தி, பழைய திருத்தங்களில் கீழே கீழே போனான். சட்டென்று காதுவரை சிவந்து சிரித்தான்.

"அட, நான்தான்! பதினஞ்சு வயசுல. நான் இங்க எழுதின மொத வரி. அப்பல்லாம் அந்த ஏரியே கதின்னு கெடப்பேன். இருட்டினதும் அம்மா வந்து கத்தி இழுத்துட்டுப் போவாங்க."

மெல்கருக்கும் பதினைந்துதான்.

இவ்வளவு நாள் அவள் வெறுத்தது ஒரு சின்னப் பையனையா?

வரியை அழித்தாள்.

ஏன் என்று கேட்டது ஒரு சிறிய கட்டம். காரணம் சொல்லாமல் இங்கே எதையும் நீக்குவது மரியாதையில்லை.

மகனின் பெயரைத் தட்டினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதையும் அழித்துவிட்டு, 'ஆதாரம் இல்லை' என்று எழுதினாள்.

"அடடா, மொத நாளே என்னையே காலி பண்ணிட்டீங்களே!"

ஸ்டாஃபன் சிரித்தபடி அவள் கோப்பையில் காப்பி ஊற்றினான்.