பசை தாங்குமா?

“அவகிட்ட சொல்லுங்கண்ணா, காலைப் பாத்து எடுத்து வைக்கச் சொல்லி. இல்லேன்னா ரெண்டு பேரும் பாத்தியிலதான் விழணும்.”

“எனக்குக் காது நல்லா கேக்குது. முதல்ல அவளை ஒழுங்கா நடக்கச் சொல்லுங்கண்ணா.”

இடுப்போடு இடுப்பு ஒட்டி நின்ற இரண்டு பேருக்கும் மேக்கப்மேன் முருகையன்தான் தூது.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு சின்னப் படத்தின் படப்பிடிப்பு. உடல் ஒட்டிப் பிறந்த இரட்டையரில் ஒருத்தியைக் காதலித்து ஒருவன் வருகிறான். மற்றவள் எங்கே போவாள்? அதுதான் கதை. இயக்குநர் புருஷோத்தமன் நடிகைகளைத் தேடவில்லை. உள்ளூர் இரட்டையரான அருள்மொழியையும் நிவேதாவையும் பிடித்துவிட்டார். சாதாரணமாகப் பிறந்த அவர்களை, நடுவில் சிலிகான் சதை வைத்துப் பசை போட்டு ஒட்டியவன் முருகையன்.

அவன் தனியாக வேலை செய்யும் முதல் படம் இது. சென்னையில் மின்விசிறிக்குக் கீழே சோதித்துப் பார்த்த பசை, இந்த உப்புக் காற்றிலும் வியர்வையிலும் சாயங்காலம் வரை தாங்குமா? நடுவில் விட்டுப்போனால் மறுபடி ஒட்ட அரை நாள் ஆகும். கடைசிக் காட்சிக்கான அந்தி வெளிச்சம் போய்விடும். கேமராவை நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

“இன்னிக்கு விட்டா படமே இல்லப்பா” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் புருஷோத்தமன்.

உப்பை விடப் பசைக்குப் பெரிய எதிரி இந்த அக்கா தங்கைதான். நான்கு வருடமாகப் பேச்சில்லை. அருள்மொழியைப் பெண் பார்க்க வந்த சரத்குமார், காபி கொண்டுவந்த நிவேதாவைப் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்றானாம். அவளும் தலையாட்டிவிட்டாள். இப்போது இரும்பை கிராமத்தில் அவனோடு குடித்தனம். அருள்மொழி இங்கேயே உப்புப் பாக்கெட் போடும் வேலைக்குப் போகிறாள்.

நடிக்கக் கூப்பிட்டபோது தனித்தனியே இருவரும் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள். “அவ வர்றாளா?” வருகிறாள் என்றதும் சரி என்றுவிட்டார்கள். சண்டை போட இடம் தேடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான் முருகையன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே முகமாச்சேம்மா! எதைப் பாத்து ஆளை மாத்தினாரு?” என்று வாய் தவறிக் கேட்டும்விட்டான்.

“அவளையே கேளுங்க” என்றாள் அருள்மொழி.

“நான் சிரிச்சேனாம், அவ முறைச்சாளாம். சொல்லுங்கண்ணா அவகிட்ட.”

“பல்லைக் காட்டினா புருஷன் கிடைப்பான்னு எனக்குத் தெரியாம போச்சு!” வெடுக்கென்று திரும்பினாள் அருள்மொழி. சிலிகான் இழுபட்டது.

“ஐயோ, இழுக்காதீங்கம்மா! பிச்சுக்கும்!”

“பிச்சுக்கட்டும். பசை போட்டிருக்கீங்களேன்னுதான் இவ பக்கத்துல நிக்கறேன்.”

“எனக்கு மட்டும் ஆசையாக்கும்” என்றாள் நிவேதா.

மதியச் சாப்பாடு முடிந்ததும் பஞ்சும் பசை டப்பாவுமாக முருகையன் அவர்களிடம் போனான். “கொஞ்சம் துணியைத் தூக்குங்கம்மா. ஓரம் விட்டிருக்குதான்னு பாத்துடறேன்.”

“வேணாம்!” இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“நல்லாத்தான் ஒட்டியிருக்குது. தொட்டா எரியுதுண்ணா” என்றாள் நிவேதா.

“ஆமா, எனக்கும்தான்” என்றாள் அருள்மொழி.

அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். எரிகிற அளவுக்குப் பசை இறுகியிருக்கிறது என்று முருகையனுக்கு நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அதன் பிறகு தொல்லையே இல்லை. காலையில் தடுக்கித் தடுக்கி நடந்தவர்கள், குறுகலான வரப்பில் ஒரே ஆள் மாதிரி நடந்து வந்தார்கள்.

“பசை நல்லா செட் ஆயிடுச்சு சார்” என்றான் முருகையன், இயக்குநர் காதில் விழும்படி.

வெயில் சிவக்கும் நேரத்தில் கடைசிக் காட்சி. காதலனாக நடித்த பரத் உப்புக் குவியலுக்கு முன்னால் நின்றான். அருள்மொழிக்கு ஒரே ஒரு வசனம்.

“நீ அவரோட பேசுடி. நான் கண்ணை மூடிக்கறேன்.”

சரியாகச் சொன்னாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். இயக்குநர் கட் சொல்லும் முன்னால், மூடிய கண்ணோடு இன்னும் கொஞ்சம் பேசினாள்.

“மாமியார் வீட்டுல ஒழுங்கா சோறு போடறாங்களாடி? இடுப்பெலும்பு குத்துதே.”

நிவேதாவின் உதடு துடித்தது. “போடறாங்க. உன் கருவாட்டுக் குழம்பு மாதிரிதான் வரமாட்டேங்குது.”

“கட்! ஓகே!” புருஷோத்தமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தக் கதையில மாமியாரே கிடையாதேப்பா... சரி, இருந்துட்டுப் போவட்டும். பேக்கப்!”

பசை தாங்கிவிட்டது. முருகையனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பசையைக் கரைக்கும் எண்ணெயும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போய், இருவருக்கும் பின்னால் மண்டியிட்டு, இடுப்பைச் சுற்றியிருந்த துணியை விலக்கினான்.

எண்ணெய்க்கு வேலையே இல்லை. விரல் பட்டதும் சிலிகான் ஓரம் தானாக விலகியது. உள்பக்கம் பசை இருந்த இடம் முழுக்க, காய்ந்த உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. மதியத்துக்கு முன்னாலேயே விட்டுப்போயிருக்க வேண்டும். அது நழுவிவிடாமல் அழுத்திப் பிடித்தபடி, துணிக்கு அடியில் இரண்டு கைகள் விரல் கோத்திருந்தன.

“இன்னும் எவ்ளோ நேரம்ணா ஆகும்?” திரும்பாமலே கேட்டாள் அருள்மொழி.

முருகையன் துணியைப் பழையபடி இழுத்துவிட்டான்.

“ரொம்ப இறுகிப் போயிருக்குதும்மா, இப்போதைக்கு வராது. அதுவரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க.”