இரண்டு மேடு

பழவங்காடியில் வயர்லெஸ் செட் பழுதுபார்க்கும் பிரஜினிடம் இருப்பது, மின் அலையைத் திரையில் காட்டும் விலை மலிவான ஆசிலாஸ்கோப். வேகமான அலையைப் பிடிக்க முடியாதபோது, அது தன்பாட்டுக்கு மெதுவான ஒரு பொய் அலையைத் திரையில் வரைந்துவிடும். நேரக் குமிழைத் திருப்பினால் பொய் அலையின் வேகம் மாறும். நிஜ அலை மாறாது.

விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து ரோஸ் கொண்டுவந்த செட்டின் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சோதித்தான். இரண்டு மேடு, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு மேடு என்று அலை ஓடியது. குமிழைத் திருப்பினான். மாறவில்லை. பேட்டரியை எடுத்தான். அப்போதும் ஓடியது.

"சேச்சி, இது எங்க உள்ள செட்டு?"

"எனக்க வீட்டுக்காரருக்க வள்ளத்துல கெடந்தது மக்கா. வள்ளம் மட்டும்தான் கர சேந்துது."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அவரு இப்பிடித்தான், பட்டன ரெண்டு மட்டம் அமுக்குவாரு. நானும் ரெண்டு மட்டம் அமுக்குனாத்தான் பேச்சே தொடங்குவாரு."

பிரஜின் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினான். ரோஸ் அதன் பட்டனை இரண்டு முறை அமுக்கினாள்.

மேடுகள் நின்றன. கோடு சற்று நேரம் நேராக ஓடியது. பிறகு பேச்சின் அலை நெருக்கமாக, திரை கொள்ளாமல் வந்தது.

பிரஜின் ஸ்பீக்கரைப் பற்றவைக்க அவசரமாக சால்டரிங் அயர்னைச் சூடாக்கினான். ரோஸ் அதற்குள் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.