கறுப்பின் அளவு

ஆயுதக்குழுத் தலைவன் சயந்தன் கட்டிலில் படுத்தபடியே கைத்துப்பாக்கியால் அடித்ததில் டிலோனின் உதடு கிழிந்தது. மண்கும்பானில் இருந்த அந்தச் சின்னக் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பவன் டிலோன் மட்டும்தான்.

"நான் மோட்டச்சைக்கிளால விழுந்த அண்டைக்கு நீ அடிச்ச படத்தைப் பாத்து, முறிவில்லை, நட எண்டார் டொக்டர். இப்ப எலும்பு வெளியில வந்து அழுகிப்போச்சு. காலை எடுக்க வேணுமாம். உன்ர மிசின் பிழையடா."

"மிசின் சரி, அண்ணை. காலமை காலமை சோதனைப் படம் அடிச்சுப் பாக்கிறனான். புது மிசினுக்கு முதல் கிழமை படத்தில எவ்வளவு கறுப்பு விழுந்தால் சரியெண்டு பதிஞ்சமோ, அந்த அளவு இண்டைக்கும் மாறேல்லை."

சயந்தனின் ஆட்கள் டிலோனின் கையை முறுக்கினார்கள். தோள் விலகிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"முறிவை மறைக்கிற கறுப்பு உனக்குச் சரியோ? ஆரடா அப்பிடிப் பதியச் சொன்னது?"

டிலோன் இரத்தத்தைத் துப்பினான்.

"நீங்கள்தான், அண்ணை. உங்கட முகாமில அடி வாங்கின பெடியளின்ர முறிவு, வழக்குக்கெண்டு கோட்டுக்குப் போற படத்தில தெரியக் கூடாது எண்டனீங்கள். இந்தக் கறுப்பை மாத்தினால் சுடுவன் எண்டும் சொன்னனீங்கள்."