வெள்ளைப் புகை

புகை வெள்ளையாக வந்தது.

காரின் பின்னால் முழங்காலிட்டுப் போஜன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கறுப்பென்றால் பெட்ரோல் அதிகம். நீலமென்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையில்தான் சிக்கல். கோத்தகிரியில் மார்கழிக் காலையில் எல்லா வண்டியும் வெள்ளையாகத்தான் மூச்சுவிடும்.

வெறும் ஈரமாக இருக்கலாம். ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கி எரிவதாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மூக்குக்குத்தான் வேறு. தண்ணீரில் கலந்த கூலன்ட் எரிந்தால் புகையில் லேசாக ஓர் இனிப்பு வாடை இருக்கும்.

போஜன் மெக்கானிக் மோந்து பார்த்தாலே போதும் என்று ஊரில் சொல்வார்கள்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு அவனுக்கு வாசனை போய்விட்டது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஹெலன் டீச்சர் பக்கத்தில் நின்றிருந்தார். இருபத்தாறு வருஷத்துக் கார் அவருடையது. முன்சீட்டில் கணவர் தாமஸ் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பத்தரைக்குக் கோவையில் அவருக்குக் கண் ஆபரேஷன். சாயங்காலமே கண்ணில் கட்டோடு கூட்டிக்கொண்டு மலையேறிவிட வேண்டும் என்று டீச்சர் சொன்னார்.

இறங்கும்போது வண்டி ஒன்றும் காட்டாது. ஏறும்போதுதான் கொதிக்கும். ஏதோ ஒரு வளைவில், பனிமூட்டத்துக்குள் நின்றுபோகும்.

அடியில் ஆயில் சொட்டியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு, மறுபடி எங்கே ஊறுகிறது என்று விரலால் தடவினான். எஞ்சின் மேல் மூடியின் பேக்கிங் கசிகிறது. சின்ன விஷயம். போல்ட்டை இறுக்கினான்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினான். உள்ளே பால்நுரைபோல் கொஞ்சம். ஆயிலில் தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும்; ஆனால் குளிரில் அதுவும் சும்மா வரும்.

ரேடியேட்டரில் தண்ணீர் சற்று இறங்கியிருந்தது. விடாமல் குமிழி வந்தால் சந்தேகமே இல்லை; இரண்டுதான் வந்தது. நின்றுவிட்டது.

மறுபடி புகையிடம் போனான். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தான்.

சூடு தெரிந்தது. ஈரம் தெரிந்தது.

அவ்வளவுதான்.

கிளம்பலாமா என்று டீச்சர் கேட்டார்.

ஒன்றுமில்லை டீச்சர், குளிருக்கு வருகிறது. நாலு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். வாய்வரை வந்துவிட்டது.

தாமஸ் சார் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். போஜன் அங்கேதான் நிற்கிறான் என்று நினைத்து, யாருமில்லாத பக்கம் பார்த்துச் சிரித்தார்.

போஜன் எழுந்து நின்றான்.

"டீச்சர், நீங்க கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க. எனக்கு நாலு மாசமா வாசனையே தெரியல."

அவர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். சேலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"இனிப்பா ஏதோ வருது போஜா. டானிக் மாதிரி."

எஞ்சினை அணைத்தான். இந்த வண்டி இன்றைக்கு வேண்டாம் என்றான். ஸ்டாண்டுக்குப் போன் போட்டு டாக்ஸி வரவழைத்தான். சாரின் தலை இடித்துவிடாமல் கதவுமேல் கை வைத்துக்கொண்டு அவரை ஏற்றிவிட்டான்.

டாக்ஸி போனதும் மனசு லேசாகும் என்று நினைத்தான்.

ஆகவில்லை.

போன திங்கட்கிழமை பள்ளிக்கூட வேன் ஒன்று வந்திருந்தது. இதே புகை. குனிந்து மூச்சை இழுத்து, தலையாட்டி, குளிருக்கு வருகிறது என்று அனுப்பிவைத்தான். டிரைவர் கைகூப்பிவிட்டுப் போனார்.

மணி எட்டு. எஸ்டேட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் மேட்டில் ஏறும் நேரம்.

டிரைவரின் நம்பரைத் தேடி அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப அழுத்தினான்.

வண்டி ஓட்டும்போது அவர் போன் எடுக்கமாட்டார். பொறுப்பான மனுஷன் என்று பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் அதற்காகவே அவரை நம்பினார்கள்.

கையைக்கூடத் துடைக்காமல் போஜன் பைக்கை உதைத்தான்.

எஸ்டேட் ரோட்டில் இன்னும் மூட்டம் விலகவில்லை.