கூட்டிப்போனவர்கள்

ஜெயனியின் பெயரை யாரோ தூக்கிவிட்டார்கள். திரையில் இரண்டே பெயர்கள்தான் இருந்தன: கணவன் டெனிஸ்டன், அவன் தங்கை கிறேஸ்.

புவாண்ட்-கிளேரில் அவள் வேலை செய்யும் நிறுவனம், கார்டெரி எனப்படும் பிள்ளைகள் காப்பகங்களுக்கு மென்பொருள் எழுதுகிறது. மாலையில் பிள்ளையை யார் எத்தனை தரம் கூட்டிப்போனார்கள் என்பதை அவள் எழுதிக்கொண்டிருக்கும் புது அறிக்கை காட்டும். பைதன் நிரலில் நாலு வரி போதும், டேட்டாபேஸ் ஆள்வாரியாகப் பிரித்து எண்ணித் தந்துவிடும். சோதனைக்குத் தன் மகன் நேதனின் பதிவுகளையே, அவன் சேர்ந்த நாள் முதல் எடுத்திருந்தாள்.

காலையில்தான் ஒரு காப்பகத்தார், புதிதாகத் திறந்த வகுப்பின் பெயர் பிள்ளைகள் எண்ணிக்கைப் பட்டியலில் வரவில்லை என்று முறையிட்டிருந்தார்கள். “அதில இன்னும் ஒரு பிள்ளையும் சேரேல்லை. எண்ண ஒண்டுமில்லாட்டி பேரும் வராது தானே” என்று பக்கத்து மேசைச் சாரங்கனிடம் சொல்லிச் சிரித்தவளுக்கு, இப்போது சிரிப்பு வரவில்லை.

ஒரு மாதமாகவே வீட்டில் பேச்சுக் குறைவு. அண்ணனும் தங்கையும் குசினிக்குள் குசுகுசுப்பார்கள், இவள் தலை தெரிந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். பிள்ளையைக் கூட்டிப்போகும் ஆட்களிலிருந்து தாயை நீக்குவது வேறு எதற்கு? அவனை என்னிடமிருந்து பிரிக்கப்போகிறார்கள் என்று முடிவுகட்டினாள்.

டெனிஸ்டனுக்கு அழைத்தாள். “கார்டெரியில என்ர பேரை எடுத்துப்போட்டீங்கள், என்ன?”

“என்ன கதைக்கிறீர்? ஆர் எடுத்தது?”

“நடிக்காதேங்கோ. நான் நேர போய்க் கேக்கிறன்.”

காப்பகம் இருக்கும் லவாலுக்குக் காரை விட்டாள். போன் வழி சொல்லச் சொல்ல இரண்டு தெரு சுற்றி, ஒருவழியாக வாசலைக் கண்டுபிடித்து மணியை அடித்தாள்.

“போன்ஜூர்” என்று கதவைத் திறந்த பெண்ணின் சட்டையில் றொஷினி என்ற பெயரட்டை தொங்கியது.

“தமிழோ? நான் நேதன்ர அம்மா.”

“ஓம் அக்கா. அடையாள அட்டையை ஒருக்காக் காட்டுங்கோ.”

“தாயிட்டயே அட்டை கேக்கிற அளவுக்குக் கொண்டுவந்திட்டினம்.” ஜெயனி அட்டையை நீட்டினாள். “என்ர பேரை அழிச்சது ஆர்?”

றொஷினி கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டித் திருப்பிக் காட்டினாள். நேதனைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்களில் முதல் பெயரே ஜெயனி.

“ஒருத்தரும் அழிக்கேல்லை, அக்கா. நீங்கள் இண்டைக்குத்தான் முதல் தரம் வாறீங்கள்.”